ஏற்காட்டுக் காற்று: கேட்டதும் சொன்னதும்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலையிலேயே தலை நரைத்தவன் நான். கோடை மழைக் காற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

ஐயா, ஒரு சொட்டுக்கூட விழவில்லை, அதற்குள் எங்கிருந்து இவ்வளவு காற்று?

மேகத்திலிருந்துதான். மேலே பெய்கிற மழையில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகும். அதனால் குளிர்ந்து கனத்த காற்று தடாலென்று இறங்கி நாலாபக்கமும் பரவும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் புழுங்கித் தள்ளி, திடீரென்று ஜில்லென்று ஒரு வீச்சு வந்தால் உடனே உள்ளே போய்விடுங்கள். மலைமுகட்டிலும் இரண்டு குன்றுகளின் இடுக்கிலும் வேகம் இன்னும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

சேலத்திலிருந்து பைக்கில் வருகிறோம் அண்ணா. பாதி வழியில் பிடித்துக்கொண்டால்?

20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரே சங்கதிதான். மலை மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கும். வேகத்தைக் குறையுங்கள். தொளதொளப்பான மழைக்கோட்டு பாய்மரம் மாதிரி இழுக்கும். நிறுத்துவதானால் மரத்தடியிலும் வேண்டாம், மண் சரியும் மேட்டு ஓரத்திலும் வேண்டாம். கான்கிரீட் கூரை போட்ட டீக்கடை கிடைத்தால் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

வீட்டை ஒட்டி சில்வர் ஓக் நிற்கிறது. வெட்டிவிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சீக்கிரம் வளர்கிற மரம், மிளகுக் கொடிக்கு நல்ல துணை, ஆனால் காற்றில் சடக்கென்று முறியும். அதற்காக எல்லாவற்றையும் சாய்த்துவிடாதீர்கள். பக்கத்து மரங்களை வெட்டிய பிறகு விழுகிற மரம்தான் அதிகம். இத்தனை வருஷம் மறைவில் நின்றது, காற்றுக்குப் பழகவில்லை, பாவம். முதலில் அடிமரத்தைப் பாருங்கள். வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா? காளான் பூத்திருக்கிறதா? புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஆள் வைத்து இறக்க வேண்டியதுதான். சாலைக்காக மண் அறுத்த ஓரத்தில் நிற்பதற்கு ஒரு பக்கம் வேரே இருக்காது, அதையும் விட்டுவைக்காதீர்கள். மற்றதற்கு மழைக்கு முன்னால் நிழல் கவாத்து எடுத்தால், அதாவது நிழல் மரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டால் போதும். இங்கே பலரும் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்புறம் காற்றைத் திட்டுகிறார்கள்.

எங்களுடையது ஷீட் வீடு. காற்று வெளியேற ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார் மாமியார்.

சண்டை போடாமல் சாத்திவிடுங்கள். உள்ளே புகுந்த காற்று ஷீட்டைக் கீழிருந்து தூக்கும். முதலில் பெயர்வது ஓரமும் முகடும்தான், அங்கே கொக்கி போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே கல் வைக்காதீர்கள், அது உங்கள் தலையில்தான் விழும்.

முகட்டில் டென்ட் போடலாமா?

கோடை இடி மாதங்களில் கூடாது.

காற்று நின்றதும் பாதையில் விழுந்த மரத்தை நாங்களே வெட்டலாமா?

கிளைக்குள் மின்கம்பி சிக்கியிருக்கலாம். 10 மீட்டராவது தள்ளி நின்று, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். கரண்ட் போயிருந்தாலும் கம்பியைத் தொடாதீர்கள், யார் வீட்டு ஜெனரேட்டர் கரண்ட் அதில் திரும்பி வருகிறதோ! அண்ணாந்தும் பாருங்கள். முறிந்த கிளை மேலே தொங்கிக்கொண்டிருந்து மறுநாள்கூட விழும்.