காத்துப் பட்டால் மூச்சு முட்டுக் கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. அரிசி ஆலையில் வேலை செய்தவர், பீடியும் குடித்தவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கிளினிக்கில் மருந்து இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பாவிக்கிறார். என்றாலும் கிணற்றடிக்குப் போய் வந்தாலே முட்டு வந்துவிடுகிறது. காத்துப் படக்கூடாதென்று யன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம். ஒக்சிசன் சிலிண்டர் வாங்கலாமா?
- ஒரு மகள், களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், முதலில் எழும்பிப் போய் அந்த யன்னலைத் திறந்து விடுங்கள். இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்டாக) வேலை செய்த காலத்தில் இந்தப் பக்கம் நான் ஏறின வீடுகளில் பாதியிலே இதே கதைதான்: பூட்டின யன்னல், தலையில் துவாய், சுற்றிவரச் சொந்தக்காரர். மூக்கிலும் மேலுதட்டிலும் குளிர்காற்றுப் பட்டால், முகத்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போய், மூச்சு முட்டுகிற தவிப்புத் தணியும். கையில் பிடிக்கிற சின்ன பற்றரி ஃபேன் போதும். முகத்துக்கு அரை அடி தள்ளிப் பிடிக்கட்டும். கரண்ட் இல்லாவிட்டால் பனையோலை விசிறி. ஆனால் விசிறுவது நீங்கள், அவரில்லை.

முட்டு வந்ததும் படுக்க வைக்காதீர்கள். கதிரையில் இருத்தி, முன்னுக்குச் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்ற விடுங்கள். சுடு தேத்தண்ணியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊத வேண்டும். உள்ளே போன காற்று வெளியே வராமல் தங்குவதுதான் இந்த வருத்தத்தில் பெரிய தொல்லை. பக்கத்தில் நின்று “நல்லா இழுங்க, இழுங்க” என்று கத்துகிறவர்களை வெளியே அனுப்புங்கள்.

வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றுவது மூச்சை வாங்கும். தொட்டியை நிரப்பி வையுங்கள், ஸ்டூலில் இருந்து அள்ளிக் குளிக்கட்டும். கிணற்றடிக்கு நடப்பதை மட்டும் மறிக்க வேண்டாம். கிடையில் கிடந்தால் கால் தசை வற்றும். பிறகு நாலு எட்டு வைத்தாலும் இளைக்கும். உடற்பயிற்சியும் மூச்சுப் பழக்கமும் சொல்லித்தருகிற நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள். 6 முதல் 12 கிழமை வரை நடக்கும். நான் சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் பெரிது. பீடி “குடித்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன்.

சிலிண்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஒக்சிசன் சரியாக இருந்தால், சிலிண்டர் பிடித்து முட்டுப் பெரிதாகக் குறையாது. குறைவென்றால் எவ்வளவு என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த நோயில் ஒக்சிசன் கூடினாலும் ஆபத்து.

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வசனம் முழுசாகப் பேச ஏலாவிட்டால், ஆள் மயங்கிச் சோர்ந்தால், விசிறியோடு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.