துபாயில் வரி இல்லை, வெள்ளவத்தையில் உண்டு

கேள்வி: 2021 ஆரம்பத்தில் 12 இலட்சம் ரூபாயை இங்கே அத்தானின் அம்மாவிடம் கொடுத்தேன். அத்தான் துபாயில் தன் பெயரிலுள்ள கணக்கில் எனக்காக பிட்காயின் வாங்கினார். 2024 ஓகஸ்டில் பாதியை விற்றார். முன்பின் தெரியாத நான்கு பேரிடமிருந்து 16 இலட்சம் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. வங்கி கணக்கை முடக்கிவிட்டது, மனேஜர் கள்ளனிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். மீதியை அத்தான் தர மறுக்கிறார், அக்காவும் அவர் பக்கம். துபாயில் வரியே இல்லையாம். அத்தான் மேல் வழக்குப் போடலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: மனேஜர் பேசிய விதத்தையும் அக்கா யார் பக்கம் என்பதையும் விடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: பிட்காயின் விற்ற அந்த வருடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வெள்ளவத்தையில். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்தவர், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி இங்கு வதிபவர். உலகின் எந்த மூலையில் கிடைத்த வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்டவேண்டும். துபாய் தனிநபரிடம் வருமான வரி வாங்காது, சரி; அந்தச் சலுகை அத்தானுக்கு. ஜெர்மனியில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரியில்லை, இந்தியாவில் 2022 முதல் நேராக 30 வீதம், நட்டத்தைக் கழிக்கவும் விடமாட்டார்கள். அதெல்லாம் அங்கே வசிப்பவர்களின் கதை.

கிரிப்டோவுக்கென்று இங்கே தனி வரிச் சட்டம் இல்லை. அதனால் வரியும் இல்லை என்று நினைத்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். ஒருமுறை வாங்கி மூன்று வருடம் வைத்திருந்தீர்கள், ஆகவே மூலதன ஆதாயம், அதாவது சொத்தொன்றை விற்றதில் வந்த இலாபம், என்று வாதிடலாம். அந்த ஆண்டில் அதற்கு வரி 10 வீதம் (2025 ஏப்ரலிலிருந்து 15). விற்ற பாதிக்கு நீங்கள் போட்டது 6 இலட்சம், வந்தது 16; இலாபம் 10 இலட்சம், வரி ஒரு இலட்சம். அடிக்கடி வாங்கி விற்றிருந்தால் வியாபார வருமானம் என்பார்கள், அது 36 வீதம் வரை போகும்.

இனி வழக்கு. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் மனுப் போட்டால் "இந்தக் காசு என்னுடையது" என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். உடனே அடுத்த கேள்வி: 12 இலட்சம் எப்படித் துபாய்க்குப் போனது? இங்கே ரூபாய், அங்கே திர்ஹாம். வங்கி வழியாகப் போகாத இந்தக் காசு மாற்றை நம்மாட்கள் உண்டியல் என்பார்கள். வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அங்கேதான் தலைகாட்டும். கோணலான ஏற்பாட்டில் தானே கை வைத்தவருக்கு நீதிமன்றம் எளிதில் கைகொடுக்காது. அத்தானின் சட்டத்தரணிக்கு வேறெதுவும் தேவையில்லை.

அதைவிடப் பெரிய குழி வங்கிக் கடிதம். என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் அடிக்கடி விழுவது இதில்தான். வங்கி விளக்கம் கேட்டதும் பயத்தில் "அத்தான் தந்த அன்பளிப்பு" என்று எழுதிக் கொடுப்பார்கள். பிறகு இறைவரித் திணைக்களத்தில் "கடன்" என்பார்கள். அத்தானோடு சண்டை வந்ததும் "என் முதலீடு" என்பார்கள். மூன்று கதையும் ஒருநாள் ஒரே ஃபைலில் சேரும். சந்தேகமான கொடுக்கல் வாங்கலை வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆகவேண்டும்; மனேஜரைத் திட்டிப் பயனில்லை. அந்த நால்வரில் ஒருவர் அனுப்பியது திருட்டுக் காசாக இருந்தால், தேடி வருவது வரி அதிகாரி அல்ல, பொலிஸ். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது விற்பனைப் பதிவும் அத்தானோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும்தான். அவற்றை அழிக்கவேண்டாம். வங்கிக்கு ஒரு சொல் எழுதுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். எழுதுவது உண்மையாக இருக்கட்டும்.

வரி அறிக்கையைக் கொடுத்துக் காசைக் கட்டுங்கள், தாமதிக்கத் தாமதிக்க வட்டியும் தண்டமும் ஏறும். அத்தானோடு சமாதானமாகப் போங்கள். மீதியில் கால்பங்கை அவர் கேட்டாலும் கொடுத்துத் தொலையுங்கள், பல வருட வழக்குச் செலவு அதைவிடக் கூட. பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள். மீதிக் காசு அத்தானின் சொந்தக் கணக்கிலிருந்து வங்கி வழியாக வரட்டும், இன்னொரு முறை அவருடைய அம்மா கையால் வேண்டாம்.