கைக்குத் தட்டாத மார்பகக் கட்டிக்கு ஊசி பயாப்ஸி: கேள்வி பதில்

கேள்வி: மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) கால்சியம் புள்ளிகள், பயாப்ஸி (திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும் என்கிறார்கள். தடவினால் ஒன்றுமே இல்லையே, எங்கே என்று குத்துவார்கள்?

பதில்: படத்தைப் பார்த்துத்தான். அல்ட்ராசவுண்டில் தெரிகிற கட்டி என்றால் வேலை சுலபம்; ஊசி போவதைத் திரையில் பார்த்தபடியே எடுத்துவிடலாம். உப்புத்தூள் சிதறினாற்போல் இருக்கும் கால்சியம் புள்ளிகள் அதில் பெரும்பாலும் தெரியாது. அதற்கு மார்பகத்தை மேமோகிராமில் அழுத்திப் பிடித்து, எக்ஸ்ரே குழாயை இடப்பக்கம் 15 டிகிரி, வலப்பக்கம் 15 டிகிரி சாய்த்து இரண்டு படம் எடுப்போம். புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து கணினி ஆழத்தைச் சொல்லிவிடும். விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் தாவும் இல்லையா, அதே கணக்குத்தான்.

கேள்வி: ரொம்ப வலிக்குமா?

பதில்: மரத்துப்போக ஊசி போடும்போது சில நொடி எரியும். அப்புறம் அழுத்தம்தான் தெரியும். ஸ்பிரிங் ஊசி ஸ்டேப்ளர் போல 'டப்'பென்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்கே பலர் திடுக்கிட்டு அசைந்துவிடுவார்கள் என்பதால், முதலில் காற்றில் ஒருமுறை அடித்துக் காட்டிவிடுவேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: வாரம் தவறாமல் கேட்கிற கேள்வி. ஊசி போன தடத்தில் சில செல்கள் நகரலாம். அவை அநேகமாக அங்கேயே அழிந்துவிடும். இதற்குப் பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கேள்வி: உள்ளே கிளிப் வைத்தார்களே, எதற்கு?

பதில்: எள்ளளவு உலோகம், அடையாளத்துக்கு. புள்ளிகள் மொத்தமும் ஊசியோடு வந்துவிட்டால், பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படும்போது இடம் தெரிய வேண்டுமே.

கேள்வி: ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. அவ்வளவுதானே?

பதில்: அநேகமாக ஆமாம். ஆனால் ஒன்று கேளுங்கள்: படமும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகின்றனவா? எடுத்த திசுத் துண்டுகளை உடனே எக்ஸ்ரே எடுத்து, கால்சியம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வரவில்லை என்றால் ஊசி இலக்கைத் தொடவில்லை. படத்தில் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கிற மாதிரி கட்டிக்கு முள் முள்ளாக விளிம்பு, ரிப்போர்ட்டில் வெறும் கொழுப்புத் திசு என்றால் நான் நம்பமாட்டேன், மறுபடி எடுக்கச் சொல்வேன். 'ஏடிஹெச்' (பால் குழாயில் இயல்பு மாறிய செல்கள் பெருகியிருப்பது) என்று வந்தாலும் பெரும்பாலும் அந்த இடத்தை அறுவை சிகிச்சையில் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். அது புற்றுநோய் அல்ல. ஆனால் ஊசிக்குக் கிடைத்தது ஓரம் மட்டுமாக இருக்கலாம், பக்கத்தில் வேறொன்று ஒளிந்திருக்கலாம்.