ஸ்பெயினில் முதுமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லண்டன் குராய்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலேயத் தம்பதி ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, 2013-ல் ஸ்பெயினில் டொர்ரெவியேஹா பக்கம் குடிபோனார்கள். போன வருடம் கணவர் தவறிவிட்டார். "இங்கே எனக்கு முடியாமல் போனால் யாரும் இல்லை" என்று சொல்லி, அந்த அம்மா இப்போது வீட்டை விற்றுவிட்டுத் திரும்பி வரப் பார்க்கிறார். சுற்றிலும் ஆங்கிலேயர்கள்தான். இத்தனை வருடத்தில் ஸ்பானிஷ் கற்காதது அவர்கள் தப்புதானே?

எஸ்., குராய்டன்

அன்புள்ள எஸ்.,

மொழி தெரியாதது ஒரு குறைதான். ஆனால் அந்த அம்மாவின் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

காகித வேலைகளை எல்லோரும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். நகராட்சிப் பதிவேட்டில் பெயர் சேர்ப்பது, வெளிநாட்டவர் அடையாள அட்டை, வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் 'ஹெஸ்தோர்' எனப்படும் அலுவல் முகவர் இருக்கிறார். காசு கொடுத்தால் முடித்துத் தருவார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 2022 மே முதல் 2023 மார்ச் வரை பிரிட்டிஷ் லைசென்ஸை வைத்து அங்கே குடியிருப்பவர்கள் வண்டி ஓட்ட முடியாமல் போனது. ரொட்டி வாங்கவே கார் தேவைப்படும் குடியிருப்புகளில் வயதானவர்கள் வீட்டோடு முடங்கினார்கள். அதுவும் ஒருவழியாகத் தீர்ந்தது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஸ்பெயினில் வருடாவருடம் கூடுகிறது. ஆஸ்திரேலியா, கனடா போனவர்களுக்கு அந்த உயர்வுகூட இல்லை. ஓய்வூதியக்காரர்களின் வைத்தியச் செலவையும் எஸ்1 படிவம் மூலம் பிரிட்டன் ஏற்கிறது.

சிக்கல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்குகிறது. டொர்ரெவியேஹா இருக்கும் அலிகாந்தே மாகாணத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். அறையில் இரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றின் அருகிலும் சாய்ந்து தூங்கத் தோதாக ஒரு நாற்காலி. அது கூடத் தங்கும் உறவினருக்கு. ஒரு கட்டிலில் ஸ்பானியப் பாட்டி. மகள்கள் முறை வைத்து இரவும் பகலும் இருந்தார்கள். மற்றதில் என் ஆங்கிலேய நண்பர். அவர் நாற்காலியில் அவருடைய கோட்டு மட்டும் கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு கைக்கு எட்டாமல் இருந்ததைப் பார்த்து, பாட்டியின் மகள் எழுந்து வந்து தட்டை நகர்த்தி, கோழிக்கறியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துவிட்டுப் போனார்.

மருந்து, ஊசி, கட்டு எல்லாம் நர்ஸ்கள் குறைவில்லாமல் பார்ப்பார்கள். ஊட்டிவிடுவது, துணைக்கு இருப்பது பெரும்பாலும் வீட்டார் பொறுப்பு. நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததும் எழுந்து போய்ப் பழகிய ஆங்கிலேயருக்கோ இது கைவிடப்பட்டது போலத் தோன்றுகிறது. வீடு திரும்பிய பிறகும் அப்படித்தான், பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ இருப்பார் என்றே அங்கே கணக்கு. 2006-ல் வந்த பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உதவி கேட்கலாம்; ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும், காத்திருப்பும் நீளம்.

சாவிலும் இதே கணக்குதான். இங்கிலாந்தில் இறுதிச் சடங்குக்கு இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். அங்கே பெரும்பாலும் இரண்டே நாளில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவும் அதைக் கடந்து வந்தவராகத்தான் இருப்பார்.

ஆகவே தப்பு என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலேயக் குடியிருப்பில் நண்பர்கள் நிறைய, ஆனால் எல்லோருக்கும் எழுபது எண்பது வயது. ஒருவருக்கு ஒருவர் ராத்திரி கண்விழிக்க உடம்பில் தெம்பு கிடையாது. அங்கே நன்றாக இருப்பவர்கள், தெம்பு இருக்கும்போதே ஸ்பானியக் குடும்பம் ஒன்றோடு நெருங்கிப் பழகியவர்கள். அரைகுறை ஸ்பானிஷே அதற்குப் போதும்.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள். 2020-க்கு முன்பே போய், ஐந்து வருடத்துக்கு மேல் சட்டப்படி குடியிருந்தவர்களுக்கு பிரெக்ஸிட்டின்போது பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட விலகல் ஒப்பந்தப்படி அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை உண்டு. தொடர்ந்து ஐந்து வருடம் வரை ஸ்பெயினுக்கு வெளியே இருந்தாலும் அது போகாது. அதனால் ஸ்பெயின் வீட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம். முதலில் குராய்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும். வீடு பார்க்க நீங்கள் உதவினால் நல்லது.