கூழாங்கல்லை மெருகேற்றப் பழைய கிரைண்டர் போதுமா?

கேள்வி: வீட்டில் ராக் டம்ளர் வைத்துக் கூழாங்கற்களை மெருகேற்றும் பொழுதுபோக்கைத் தொடங்க ஆசை. என்ன வாங்க வேண்டும்? எத்தனை நாள் பிடிக்கும்? சும்மா கிடக்கும் பழைய கிரைண்டரை இதற்கு மாற்ற முடியுமா?

கிரைண்டர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அங்கேதான் தொடங்கினேன். அங்கேயே முடிந்துபோயிருக்க வேண்டியது.

அதற்கு முன், இது என்னவென்று தெரியாமல் உள்ளே வந்தவர்களுக்கு: ராக் டம்ளர் என்பது குடிக்கிற டம்ளர் இல்லை. (ஹார்டுவேர் கடையில் நான் கேட்டபோது அண்ணாச்சி பக்கத்துப் பாத்திரக்கடையைக் கை காட்டினார்.) கல், தண்ணீர், அரைக்கும் பொடி மூன்றையும் ஒரு பேரலில் போட்டு மூடி, இரவு பகலாக வாரக்கணக்கில் உருட்டிக்கொண்டே இருக்கும் சின்ன இயந்திரம். ஆற்றுத் தண்ணீர் கல்லுக்குக் காலங்காலமாகச் செய்வதை இது ஒரு மாதத்தில் செய்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா டேபிள் டாப் கிரைண்டர் வாங்கியதும் பழைய பெரிய கிரைண்டர் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அதன் பாத்திரத்தில் அப்படியே கல்லைப் போட்டு ஓட்டலாமே என்றுதான் நினைத்தேன். நடக்காது. அந்தப் பாத்திரம் நிமிர்ந்து நின்று சுற்றுவது. கல்லெல்லாம் அடியில் உட்கார்ந்துகொண்டு ராட்டினம் சுற்றுமே தவிர, ஒன்றோடொன்று உரசாது. நமக்கு வேண்டியது படுத்தபடி உருளும் பேரல். அது உருளும்போது கற்கள் ஒரு பக்கமாக மேலே ஏறி, மணல் சரிவதுபோல் மெதுவாகச் சரிந்து இறங்க வேண்டும். அந்தச் சரிவில்தான் தேய்மானம் நடக்கிறது. வேகம் கூடினால் கல் பறந்து விழுந்து உடையும்.

சரி, மோட்டாரை மட்டும் கழற்றினேன். நிமிடத்துக்கு 1440 சுற்று. இரண்டு அங்குலப் புல்லியிலிருந்து பன்னிரண்டு அங்குலப் புல்லிக்குப் பெல்ட் போட்டதும் 240 ஆனது. அந்தப் பெரிய புல்லியின் தண்டு 25 மில்லிமீட்டர், அதன்மேல் உட்கார்ந்த 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்தான் பேரல். ஆக, பேரலுக்குக் கிடைத்தது சுமார் 55 சுற்று. கணக்கு சரியாக வந்தது, இயந்திரமும் ஓடியது. குழாய்க்குள் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியும்கூட ஜல்லி லாரி தட்டிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு சத்தம். மூன்றாம் நாள் இரவு பக்கத்து வீட்டு மாமா வந்து, "தம்பி, போர் போடறீங்களா?" என்று கேட்டார்.

சத்தத்தைவிடப் பெரிய அடி கரண்ட் பில். கால் குதிரைத்திறன் மோட்டார் சும்மா சுற்றினாலே ஒரு நாளைக்கு மூன்று, நான்கு யூனிட் இழுக்கும். ஒரு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்கு மேல். அரசு தந்த இலவச நூறு யூனிட்டைக் கல் தின்றுவிட்டது என்று அப்பா இன்றும் சொல்லிக் காட்டுகிறார். இப்போது என்னிடம் இருக்கும் சின்ன இயந்திரம் 25 வாட். நாள் முழுக்க ஓடினால் 0.6 யூனிட், நான்கு வாரத்துக்குப் பதினேழு யூனிட்கூட வராது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: முடியும், ஆனால் வேண்டாம். வெல்டிங்கும் புல்லியும்தான் உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

வாங்குவதானால் ஒன்றரைக் கிலோ பிடிக்கும் ரப்பர் பேரல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குழந்தைகளுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பேரல்களோடு ஒரே வீட்டில் தூங்க முடியாது. அதிர்வில் இயங்கும் வகையும் உண்டு. அது சீக்கிரம் முடிக்கும், ஆனால் கல்லை உருட்டி வடிவம் கொடுக்காது. முதல் இயந்திரமாக வேண்டாம்.

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு போதும். இந்த வேலையில் முக்கால்வாசி, கல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது.

ஒரு பேரலில் போடும் கற்களெல்லாம் ஏறக்குறைய ஒரே கடினம் உள்ளவையாக இருக்க வேண்டும். மெதுவான கல்லையும் கெட்டிக் கல்லையும் சேர்த்துப் போட்டால், கெட்டிக் கல் மற்றதைத் தின்று சேறாக்கிவிடும். ஜெர்மானியரான பிரெடெரிக் மோஸ் 1812 இல் வகுத்த கடின அளவுகோல் ஒன்றிலிருந்து பத்து வரை போகும். அதில் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், 7. அகேட், ஜாஸ்பர் வகைகளும் அதை ஒட்டியே வரும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் வெறும் 3. இந்தக் கணக்கெல்லாம் இல்லாமலே வீட்டில் பார்த்துவிடலாம். காய் நறுக்கும் கத்தியின் முனையால் கல்லை அழுத்திக் கீறுங்கள். பள்ளம் விழுந்தால் தூக்கிப் போடுங்கள். பள்ளம் விழாமல், கத்தியின் இரும்பு தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகக் கல்லில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கல் தேறும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழி விட்டால் சுண்ணாம்பு.

இன்னொரு வழி, கல்லை நனைத்துப் பார்ப்பது. ஈரத்தில் தெரிகிற நிறம்தான் மெருகேறியபின் நிரந்தரமாக நிற்கும். நனைத்தும் சுமாராகத் தெரிகிற கல் நான்கு வாரம் கழித்தும் சுமாராகத்தான் இருக்கும்.

நான் இருப்பது கரூர். அமராவதி ஆற்றோரம் கிடைப்பவை பெரும்பாலும் கருங்கல் துண்டுகள், நைஸ் (gneiss) எனப்படும் வரியோடிய பாறைத் துண்டுகள், வெங்கச்சங்கல். இவற்றில் கருங்கல் ஆளை ஏமாற்றும். கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும், ஆனால் அதிலுள்ள மைக்கா (காக்காப்பொன்) மெது, குவார்ட்ஸ் கெட்டி. மைக்கா மட்டும் முதலில் தேய்ந்து, கல் முழுக்க அம்மைத் தழும்பாக நிற்கும். என் முதல் பேரல் அப்படித்தான் போனது. வெங்கச்சங்கல்லில் விரிசல் இல்லாததாகப் பொறுக்க வேண்டும். விரல் நகம் தட்டுகிற விரிசல் ஒன்று இருந்தாலும் மூன்றாம் வாரத்தில் இரண்டாகும். உடைந்த கூர்முனை மற்ற எல்லாக் கற்களையும் கீறும். வரி வரியாக இருக்கும் அகேட் வேண்டுமென்றால் நம் பக்கத்துப் பாறையில் தேடிப் பயனில்லை. அது குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்துத் தக்காண எரிமலைப் பாறையில் விளைவது, வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் பொறுக்குவதில் ஒரு லாபம் இருக்கிறது. உருண்டு வந்த கூழாங்கல்லுக்கு முதல் கட்ட வேலையை ஆறே பாதி முடித்துக் கொடுத்திருக்கும். சுத்தியலால் உடைத்த கல்லுக்கு மூன்று வாரம் ஆவது இதற்கு ஒரு வாரத்தில் முடியும். ஒரு தூக்குப்பை போதும், சாக்கோடு போகாதீர்கள். ஆற்றில் அள்ளுவதற்குச் சட்டம் உண்டு.

இனி ஓட்டும் முறை. பேரலில் மூன்றில் இரண்டு பங்கு கல். பெரிசும் சிறிசும் கலந்திருக்கட்டும், சின்னவைதான் பெரியவற்றின் இடுக்குகளில் புகுந்து தேய்க்கும். மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். ஒன்றரைக் கிலோ பேரலுக்கு நான்கு மேசைக்கரண்டி சிலிக்கான் கார்பைடு பொடி. கடைகளில் கார்போரண்டம் பொடி என்றால்தான் தெரியும். முதல் வாரம் 60/90 எண் பொடி, அடுத்து 120/220, அடுத்து 500. எண் கூடக் கூடப் பொடி நைசாகும். கடைசி வாரம் மெருகுப் பொடி: அலுமினியம் ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு. சீரியம் ஆக்சைடைக் கண்ணாடி மெருகிடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் ஏழு நாள். முதல் கட்டத்தில் மட்டும் நாள் கணக்குப் பார்க்காதீர்கள். பள்ளமும் மூலையும் போகும்வரை பொடியை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அங்கே விட்ட பள்ளம் கடைசிவரை பள்ளம்தான்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கழுவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். முந்தைய பொடியின் நாலு துகள் மெருகுக் கட்டத்துக்குள் போனாலும் போச்சு, மூன்று வார வேலை கீறல் விழுந்து வரும். பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கல்லையும் தேய்ப்பேன். பேரல் மூடியின் விளிம்பு மடிப்பையும் விடமாட்டேன், பொடி ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். துளை உள்ள கல்லை மெருகுக் கட்டத்துக்கே அனுப்புவதில்லை.

கழுவிய சேற்றை வீட்டுச் சாக்கடைக் குழாயில் மட்டும் ஊற்றாதீர்கள். குளியலறையில் நான் ஊற்றினேன். பார்க்கச் சாம்பல் நிறக் கஞ்சி மாதிரித்தான் இருந்தது. குழாயின் வளைவில் தங்கி, சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. பிளம்பர் வந்து அந்தத் துண்டையே அறுத்தெடுத்தார். அறுத்ததைக் கையில் தூக்கிக் காட்டி, "இதுக்குள்ள யாரு சார் தரை போட்டது?" என்றார். இப்போதெல்லாம் பழைய பக்கெட்டில் தெளியவிட்டு, அடிவண்டலைக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். காய்ந்த வண்டல் தூள் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பேரலுக்குள் எல்லாம் ஈரத்தில் நடப்பதால் அங்கே பயமில்லை.

முதல் சில நாட்கள் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள். சில கற்களால் உள்ளே வாயு சேரும். பேரல் உப்பி, ராத்திரி இரண்டு மணிக்கு மூடி தெறித்தால், துடைக்க வேண்டியது தரையை மட்டுமல்ல.

கரண்ட் போய்விட்டால் பதற வேண்டாம், நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடும். இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் என்றால் மட்டும் பேரலைத் திறந்து கழுவி வையுங்கள், சேறு உள்ளேயே இறுகிவிடும்.

மோட்டார் வருவதற்கு முன்பே இந்த வேலை நம் நாட்டில் உண்டு. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தோல் பையில் போட்டு, குருந்தக்கல் பொடியும் தண்ணீரும் சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாள் மாற்றி மாற்றி உருட்டுவார்களாம். இப்போது அங்கும் மோட்டார்தான். நமக்குப் பக்கத்தில், நொய்யல் கரைக் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே குவார்ட்ஸ், பெரில், கார்னிலியன் மணிகள் முடித்தவையும் பாதியில் விட்டவையுமாகக் கிடைத்தன. அந்தப் பக்கம் போனால் துளையிட்ட மணி கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள். அது உங்கள் பேரலுக்கு உரியதில்லை.

கடைசி வாரம் முடிந்தபின் கற்களைக் கழுவி, துணி சோப்பைச் சீவிப் போட்டுப் புதுத் தண்ணீரில் ஒரு நாள் ஓட்டுங்கள். மெருகுப் பொடியின் மங்கல் அதில்தான் போகும். எடுத்து உலரவைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகும் ஈரமாகத் தெரிந்தால் தேறிவிட்டது. வெங்கச்சங்கல்லின் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தால், உள்ளே மோதல் அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை சின்னச் சின்னப் பீங்கான் உருண்டைகளை இடைநிரப்பாகச் சேருங்கள்.

ஒரே ஒரு யோசனை. முதல் பேரலை மூடும் முன், அதே கூட்டத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தனியே வையுங்கள். நான்கு வாரம் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. என் ஜன்னல் விளிம்பில் அமராவதிக் கல் இரண்டு அருகருகே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் மெருகேறியதைக் கையில் எடுத்து, எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் இருப்பதைக் காட்டுவேன்.