மே மாதத்தில் கரையும் பயணப் பணம்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் அருகே அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வயது 54. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய். அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் படைப்புகளை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது படிக்கும் காலத்திலிருந்தே எனக்குள்ள ஆசை. லண்டன், வாஷிங்டன், ஹூஸ்டன், ஜப்பானிலுள்ள சகுரா ஆகிய நான்கு ஊர்களுக்கும் மனைவியோடு ஒரே சுற்றாகப் போய்வர 12 லட்சம் ஆகும் என்கிறது ஒரு பயண நிறுவனம். 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்குத் தனிநபர் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். இதற்கென்றே மாதம் 10,000 ரூபாய் ஆர்.டி. கட்டி வருகிறேன். ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் முதிர்ந்த பணம், மாந்தோப்பு குத்தகை எடுத்து வியாபாரம் செய்யும் என் மைத்துனருக்குப் போய்விட்டது. மனைவியின் 14 பவுன் நகையும் அவருக்காக 2022 முதல் வங்கியில் அடகில் இருக்கிறது. கடன் இப்போது 5.5 லட்சம். பயணத்துக்குக் கடன் வாங்கலாமா? புகழ்பெற்ற ஓவியங்களில் சிறு பங்கு வாங்கி, விலை ஏறியதும் விற்றுப் பயணம் போகலாம் என்று ஒரு முகவர் சொல்வது சரியா?

பதில்: தனிநபர் கடன் வேண்டாம். 12 லட்சத்துக்கு 13 சதவீதத்தில் ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 27,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது 16.4 லட்சம் கொடுத்திருப்பீர்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 59 வயது வரை, பத்துப் பதினைந்து நாள் பயணத்துக்காக. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட நகைக் கடனைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் இணைத்து அனுப்பிய வங்கி ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2022 மே மாதம் 14 பவுனுக்கு 2.5 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். 2023இல் அதே நகைக்குக் கடன் 3.2 லட்சம், 2024இல் 4 லட்சம், 2025இல் 5.5 லட்சம். ஒரு குண்டுமணித் தங்கம்கூடப் புதிதாக வைக்கவில்லை. பவுன் விலை ஏறியது. அதனால் அதே நகைக்கு வங்கி கொடுக்கும் தொகையும் ஏறியது. இது எப்படி நடக்கும் என்பது மே மாதத்தில் நம் ஊர் வங்கிக் கிளைகளுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வருட வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைக்கப் போயிருப்பீர்கள். மதிப்பீட்டாளர் எடை போட்டு, அன்றைய விலையைப் பார்த்துவிட்டு, "இதற்கு இன்னும் ஒன்றரை லட்சம் வருமே சார், எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். தோப்புக்குப் பணம் கட்ட வேண்டிய வாரமும் அதுவாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். கேடு செய்யும் பழக்கம் இந்தக் கையெழுத்துதான். தங்கம் விலை ஏறினால் உங்கள் குடும்பத்தின் சொத்து கூட வேண்டும். உங்கள் வீட்டில் கூடுவது கடன்.

இதன் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். வட்டியை 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டு 23,750, அடுத்து 30,400, பிறகு 38,000, வரும் மே மாதம் கட்ட வேண்டியது 52,250; ஆக நான்கு ஆண்டு வட்டி 1.44 லட்சம். நகைக் கடனாக மைத்துனர் கைக்குப் போனது 5.5 லட்சம், இரண்டு ஆர்.டி. பணமும் சேர்ந்து 2.5 லட்சம். அவரிடமிருந்து இதுவரை திரும்பி வந்தது 90,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டிக் கழித்தால் உங்கள் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 8.5 லட்சம்.

இப்போது பயணச் செலவுக்கு வருவோம். நிறுவனம் சொல்லும் தொகுப்பை மறந்துவிட்டு, இரண்டு பேருக்கு நாமே போய்வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். பெங்களூரிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது. டிக்கெட், விசா, ஏழு இரவுத் தங்கல், சாப்பாடு, நகருக்குள் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்குள் முடிக்கலாம். வாஷிங்டனையும் ஹூஸ்டனையும் ஒரே பயணத்தில், உள்நாட்டு விமானமும் சேர்த்து, பத்து இரவுகளுக்குப் பார்த்தால் 5.5 லட்சம். இரண்டும் சேர்ந்து 8.5 லட்சம். நீங்கள் இந்நேரம் போய்வந்திருக்க வேண்டிய இரண்டு பயணங்களின் பணம் மாந்தோப்பில் இருக்கிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மைத்துனர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. குத்தகைப் பணம் முன்னால் போகிறது, காய் இறக்கும் கூலி அன்றன்றைக்குப் போகிறது, மாங்கூழ் ஆலையிலிருந்து பணம் எப்போதோ வருகிறது. 2025 பருவத்தில் பெங்களூரா மாங்காய் விலை சரிந்தபோது நம் மாவட்டத்தில் அடிபடாத குத்தகைக்காரர் குறைவு. ஆனால் அந்த வியாபாரத்தின் நட்டத்தைத் தாங்க வேண்டியது வியாபாரத்துக்கென்று வாங்கிய கடன். அக்காவின் கழுத்து நகையும் மாமாவின் சம்பளமும் ஆகாது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் தருண் பிரிவில் 10 லட்சம் வரை அவர் பெயரிலேயே கேட்கலாம். அதற்கு ஆலை கொடுத்த எடைச் சீட்டுகள், வங்கிக் கணக்கு வரவுகள், குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றை அவர் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு வழி திறந்திருக்கும்வரை அந்த ஒழுங்கு அவருக்கு வரப்போவதில்லை.

அவரிடம் எப்போது சொல்வது என்பதும் முக்கியம். மா பூத்திருக்கும் தை, மாசியிலேயே, குத்தகை பேசும் முன்பே, இந்த ஆண்டு நகையைத் திருப்பி வைக்கும்போது கூடுதலாக ஒரு ரூபாயும் எடுக்கப்போவதில்லை, ஆர்.டி. பணமும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். காய் இறங்கும் நேரத்தில் சொன்னால் அது கைவிட்டதாகத்தான் தெரியும்; அவருக்கும் வேறு வழி தேட நேரம் இருக்காது. மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நகை அவருடையது, தம்பியும் அவருடையவர். முடிவை அவர் வாயால் சொன்னால் சச்சரவு பாதியாகக் குறையும். கொடுத்த பணத்துக்கு எழுத்து எதுவும் இல்லை என்று தெரிகிறது. கைக்கடனை வழக்குப் போட்டு வசூலிக்க மூன்று ஆண்டுதான் காலவரம்பு; 2022இல் கொடுத்தது அதைத் தாண்டிவிட்டது. பழைய தொகையையும் சேர்த்து இன்றைய தேதியில் புதிதாகப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவில்லை. எழுத்தில் இருக்கும் கடனைத்தான் மனிதர்கள் கடனாக நினைக்கிறார்கள். அவர் திருப்பித் தருவதும் வங்கிக் கணக்கு வழியாகவே வரட்டும்.

நகையில் கொஞ்சம் விற்றுக் கடனை அடைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி அதில் தவறில்லை. ஆனால் அதை எடுத்துப் பேச வேண்டியவர் உங்கள் மனைவி. நீங்களும் நானும் அல்ல.

இந்த ஆண்டின் ஆர்.டி. மே மாதம் முதிர்ந்து 1.25 லட்சம் வருகிறது. வட்டியை வழக்கம்போல் கட்டிவிட்டு, அந்த 1.25 லட்சத்தை அசலில் போடுங்கள். கடன் 4.25 லட்சமாகிவிடும். புதிய ஆர்.டி. தொடங்க வேண்டாம், ஆர்.டி.யில் ஆறேழு சதவீதம் வாங்கிக்கொண்டு நகைக் கடனுக்கு ஒன்பதரை சதவீதம் கொடுப்பதில் என்ன சேமிப்பு இருக்கிறது? இப்போதே மாதம் 10,000 ஆர்.டி.க்கும், வட்டிக்கென்று சராசரியாக 4,350 ரூபாயும் ஒதுக்குகிறீர்கள். அதைச் சற்றே கூட்டி மாதம் 15,000 ரூபாயை, வருடக் கடைசிவரை காத்திராமல், நகைக் கடன் கணக்கிலேயே கட்டி வந்தால் சுமார் 32 மாதங்களில் 14 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். இடையில் வருடாவருடம் திருப்பி வைக்கும்போது மதிப்பீட்டாளர் அதே கேள்வியைக் கேட்பார். அகவிலைப்படி உயரும்போது கூடும் சம்பளத்தில் ஒரு பகுதியையும் இதில் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

பிறகு அதே 15,000 இருபது மாதத்தில் 3 லட்சம். அதாவது உங்கள் 59ஆம் வயதின் மே விடுமுறைக்கு லண்டன். மைத்துனர் திருப்பித் தரும் பணத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வருவதை எல்லாம் தனிக் கணக்கில் போட்டு வந்தால் பயணம் ஓரிரு ஆண்டுகள் முன்னாலேயே வந்துவிடும். அமெரிக்காவை 60இல், ஓய்வுக்குப் பின், விடுப்பு கேட்கத் தேவையில்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் லண்டன் முதலில் என்றால், செலவு குறைவு என்பதோடு, நீங்கள் பார்க்க விரும்புவதில் மிக முக்கியமான ஒரு தொகுதி அங்கே இருக்கிறது. 1958இல் நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்து உணவகத்துக்குப் பெரிய ஓவியங்கள் வரைய ஒப்புக்கொண்ட ரோத்கோ, பிறகு மனம் மாறி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவியங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். (வேண்டாம் என்று தோன்றிய ஏற்பாட்டிலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேறியதும் நல்ல நிதி முடிவுதான்.) அவற்றில் ஒன்பதை லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அவர் இறந்த 1970 பிப்ரவரி 25 அன்றுதான் அவை லண்டன் வந்து சேர்ந்தன. டேட்டின் நவீன ஓவியப் பிரிவான டேட் மாடர்னின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கும், அவருடைய 14 ஓவியங்களோடு 1971இல் திறக்கப்பட்ட ஹூஸ்டன் ரோத்கோ தேவாலயத்துக்கும்கூட நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே நிறுவனத் தொகுப்பில் "அருங்காட்சியக நுழைவு உட்பட" என்று எழுதியிருந்தால் அதற்காக மகிழ வேண்டாம்.

ஜப்பான் பயணத்தை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். சீகிராம் ஓவியங்களில் ஏழு இருந்த சகுரா கவாமுரா அருங்காட்சியகம் 2025 மார்ச் இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. அந்த ஏழும் டோக்கியோவின் ரொப்பொங்கி பகுதியில் கட்டப்படும் புதிய கட்டடத்துக்குப் போகின்றன. 2030 வாக்கில் அது தயாராகும் என்பது அறிவிப்பு. மூடிய அருங்காட்சியகத்தைப் பட்டியலில் வைத்து 12 லட்சம் கேட்கும் நிறுவனத்திடம் மற்ற மூன்று ஊர்களையும் எப்படி ஒப்படைப்பது?

ஓவியங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதும் உங்கள் செலவோடு தொடர்புடைய விஷயம். 2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை பாரிஸில் லூயி வுய்ட்டான் அறக்கட்டளை நடத்திய கண்காட்சியில் ரோத்கோவின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் ஒன்றுசேர்ந்தன. டேட்டின் ஓவியங்களும் அங்கே போயிருந்தன. ஹூஸ்டன் தேவாலயம் 2024 ஜூலைப் புயலில் சேதமாகிப் பல மாதங்கள் மூடிக்கிடந்தது. அமெரிக்க அரசு நிதி முடக்கத்தின்போது வாஷிங்டன் ஓவியக்கூடமும் பூட்டப்படுகிறது. டிக்கெட் போடும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் எந்த ஓவியம் இப்போது சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள். அப்படிப் பெரிய கண்காட்சி ஒன்று மீண்டும் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டால் அதற்காக லண்டன் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவதும் தவறல்ல, ஒரு டிக்கெட் செலவில் பல ஊர்களின் ஓவியங்களைப் பார்த்துவிடலாம்.

ஓவியத்தில் பங்கு வாங்கும் யோசனைக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. ரோத்கோவின் ஓர் ஓவியம் 2012இல் நியூயார்க் ஏலத்தில் 8.69 கோடி டாலருக்குப் போனது என்று முகவர் உங்களிடம் சொல்லியிருப்பார், அது உண்மைதான். அந்த லாபம் ஓவியத்தை முழுதாக வைத்திருந்தவருக்குப் போனது. நீங்கள் வாங்கும் துண்டுக்கு வட்டியோ டிவிடெண்டோ கிடையாது, ஓவியம் எப்போது விற்கும் என்பது உங்கள் கையில் இல்லை, இடையில் விற்கலாம் என்றால் வாங்க ஆள் வேண்டும், நிர்வாகக் கட்டணம் மட்டும் தவறாமல் போகும். தேதி குறித்த பயணத்துக்கு இது ஆகாது. பங்குச் சந்தை நிதியில் பயண எஸ்.ஐ.பி. போடுங்கள் என்று வேறொருவர் வரக்கூடும்; இருபது மாதப் பணத்துக்கு அதுவும் வேண்டாம், வங்கி வைப்பே போதும்.

வெளிநாட்டில் சாதாரணக் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும், ஒரு லட்சம் செலவுக்கு 4,100 ரூபாய்க்கு மேல் போய்விடும். அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத அட்டை ஒன்றைப் புறப்படும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வேண்டும். பள்ளியிலிருந்து கோப்பு மேலே போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். லண்டன் பயணத்துக்கு முந்தைய ஆண்டின் காலாண்டு விடுமுறையிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். விசா விண்ணப்பத்துக்கு ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் பார்ப்பார்கள். அந்த ஆறு மாதங்களில் கணக்கிலிருந்து மைத்துனர் பெயருக்குப் பெரிய தொகை எதுவும் போயிருக்கக் கூடாது.