அலாய் வீலை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
காரின் அலாய் வீலில், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரத்தில், படியும் கருப்புப் பொடிக்கு ஆசிட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வீலின் மேல் கிளியர் கோட் என்ற மெல்லிய, நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. ஆசிட் அதையே கெடுத்துவிடும்.

அந்தப் பொடி, பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசி உதிரும் தூள். அதிலுள்ள இரும்புத் துகள் சூட்டோடு ஒட்டி, ஈரம் பட்டால் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாக நின்றுவிடும். வாரம் ஒருமுறை, வீல் ஆறிய பிறகு, கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஸ்போக்கின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். அப்புறம் ஈரம் துடைத்து வேக்ஸ் பூசினால், அடுத்த முறை தூள் சுலபமாகக் கழன்று வரும்.

விளிம்பில் கல் பட்டுக் கோட் பெயர்ந்திருக்கிறதா பாருங்கள். அந்த வழியாக உப்பும் ஈரமும் நுழைந்தால், கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்தது போல அரிப்பு ஓடும். அதற்குப் பாலிஷ் உதவாது. சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.